பழைய கைப்பேசிக்குக் கட்டணமா, விலையா?

"பழைய கைப்பேசியை அப்புறப்படுத்தக் கட்டணம் தருவீர்களா?" என்று கேட்டு, "மாட்டோம்" என்ற விடை வந்ததும், மக்களுக்குச் சுற்றுச்சூழல் உணர்வு இல்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இது சரியன்று. கேள்வியே பிழையானது.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் பழைய செய்தித்தாளும் பித்தளையும் விலைக்குப் போகும் பொருள்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிப் பழகியவரிடம், பொருளோடு பணமும் கேட்டால் எப்படி இசைவார்? கைப்பேசியோ இரும்பினும் மதிப்புள்ளது. பேட்டரி நீக்கிய ஒரு டன் கைப்பேசிகளில் ஏறத்தாழ 300 கிராம் வரை தங்கம் இருக்கலாம். பல சுரங்கங்களில் ஒரு டன் தாது தருவது சில கிராமே.

ஆயினும் விலை மட்டும் போதாது. தங்கத்துக்காகச் சுற்றுப்பலகையை எரித்தால் நச்சுப்புகை எழும். அமிலத்தில் கரைத்தால் கழிவுநீர் மண்ணில் இறங்கும். நாகர்கோவிலில் அவ்வாறு கொட்டும் கழிவு, பழையாற்றின் வழியே வயலையும் மணக்குடிக் காயலையும் அடையக்கூடும். முறையான மறுசுழற்சிக்குச் செலவு உண்டு என்பது உண்மையே.

அச்செலவை யார் ஏற்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகின்றன. கைவிடும் நேரத்தில் கட்டணம் கேட்பது, கைக்குள் அடங்கும் பொருளைக் குப்பையில் வீசத் தூண்டும். ஜப்பானில் 2001 முதல் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கட்டணம் உண்டு. அங்கும் கட்டணத்துக்கு அஞ்சி மறைவிடங்களில் வீசுவோர் இருக்கிறார்கள்.

மாறாக, 2022-இல் நீலகிரியில் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான புட்டிகள் கடைக்குத் திரும்பின. வாங்கும்போதே வைப்புத்தொகை, கொடுக்கும்போது அது கையில்: இம்முறை கைப்பேசிக்கும் பொருந்தும். "எங்கே கொடுப்பது, என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கு ஊர்தோறும் விடை இருந்தால், மேசை இழுப்பறையில் உறங்கும் கைப்பேசிகள் தாமே வெளியே வரும்.