உடனடி வேகமா, கண வேகமா?

பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'உடனடி வேகம் என்றால் என்ன?' என்பது வினா. நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவர், 'கையிலிருந்து விட்டவுடன் கல் பெறும் வேகம்' என்று எழுதியிருந்தார். விடை தவறு, மதிப்பெண் கொடுக்க இயலவில்லை. ஆனால், பிழை மாணவருடையதா? சொல்லினுடையதா?

ஆங்கிலத்தில் 'இன்ஸ்டன்ட்' என்னும் பெயரடைக்குப் பல வேலைகள். இன்ஸ்டன்ட் காப்பி என்றால் காத்திராமல் கிடைப்பது. பழைய அலுவலகக் கடிதங்களில் '5 இன்ஸ்டன்ட்' என்றால் இம்மாதம் 5ஆம் தேதி. பெயர்ச்சொல்லாக வந்தாலோ 'கணம்' என்று பொருள். இதன் உறவுச் சொல்லான 'இன்ஸ்டன்டேனியஸ்' என்பதை இயற்பியலார் இரு பொருள்களில் ஆள்கின்றனர்.

ஒன்று, காலமே பிடிக்காமல் நிகழ்வது. ஒளி அப்படித்தான் பரவுகிறது என்று டேக்கார்ட் கருதினார். வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும்போது தாமதமாகத் தெரிவதைக் கொண்டு, ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று 1676இல் ரோமர் காட்டினார். டேக்கார்ட்டின் கருத்தைச் சொல்ல 'உடனடி' என்ற சொல் மிகப் பொருத்தம்.

மற்றொன்று, குறித்த ஒரு கணத்தில் உள்ளது. மேலிருந்து விடப்பட்ட கல் t வினாடியில் ஏறத்தாழ 4.9t² மீட்டர் விழுகிறது. 2ஆம் வினாடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? 2 முதல் 3 வினாடி வரை சராசரி வேகம் வினாடிக்கு 24.5 மீட்டர். 2 முதல் 2.1 வரை 20.09. 2 முதல் 2.01 வரை 19.649. இடைவெளி சுருங்கச் சுருங்க, விடை 19.6ஐ நெருங்குகிறது. அந்த எல்லை மதிப்பே நாம் தேடும் வேகம். இதில் 'உடனே' நடந்தது எதுவும் இல்லை. கல் அந்த வேகத்தைப் பெற இரண்டு வினாடி ஆயிற்று!

ஆகவே இங்கே 'உடனடி' என்பது மாணவரை வழி தவறச் செய்யும் சொல். 'கணநேர வேகம்' என்பது அதனினும் மேல், என்றாலும் குறையற்றதன்று. 'கணநேரம்' என்றதும் சிறிது நேரம் நீடித்து மறைவது என்ற எண்ணம் வருகிறது. நாம் சொல்லும் கணத்துக்கோ நீளமே இல்லை. 'கண வேகம்' என்பதே போதும். இன்னும் தெளிவு வேண்டுமானால் 'அக்கணத்து வேகம்' எனலாம்.

கலைச்சொல் ஆக்குவோர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடலாகாது. சூத்திரத்தில் அச்சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மாணவர்களும் ஒரு சொல் குழப்பினால் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சொல் மறைத்த பொருளை எண்கள் காட்டிவிடும்.