நீளக் குச்சிக்கான காத்திருப்பு

நம்மூர்க் கடைகளில் பார்க்கும் முன்பே, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே கோயமுத்தூர் வந்து சேர்ந்தது கேம்பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி. கூடவே டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ். உள்ளே தள்ளும்போது ‘டக்’கென்று அது பிடித்துக்கொள்வதே தனிச் சுகம். மேல்சுவிட்சை நகர்த்தினால் எழுத்து மெல்ல இறங்கிவந்து ‘டிங்’ என்று நிற்கும். பாசிப்பச்சைத் திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது. திண்ணை வெயிலுக்கு வாகாகச் சாய்க்க வேண்டும். “இந்தப் பக்கட்டுத் திருப்பு கண்ணு, எனக்குந் தெரியோணும்” என்பார் தோளோரம் நிற்கும் அப்புச்சி.

டெட்ரிஸில் நாலு நாலு கட்டம் சேர்ந்த ஏழே வடிவங்கள். எனக்குப் பிடித்தது நீளக் குச்சிக்கான காத்திருப்பு. ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, மற்றதைப் பள்ளமில்லாமல் அடுக்கி, அது வரும்வரை பொறுப்பது. வந்து இறங்கியதும் நாலு வரி ஒருசேரச் சிமிட்டி மறையும். கைதேர்ந்தவர்களின் கட்டைவிரல் பொத்தானைவிட்டு எழுவதே தெரியாது. கண்ணோ அடுத்த வடிவம் காட்டும் மூலையில் இருக்கும். அவர்கள் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் ரசனைதான்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேம்பாய் கிடந்தால், பேட்டரி முனைத் துருவைத் துடைத்து, நாலு பென்சில் பேட்டரி போட்டுப் பாருங்கள். ஓடினால், முதல் ஆட்டத்தை வீட்டுப் பொடிசுகளிடம் கொடுங்கள்.