கோபம் தணிந்த பிறகும் ஆய்வு வேண்டும்

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து விழுந்தன. அவற்றின் மொத்தச் சொத்து நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. மக்கள் தெருவில் இறங்கினார்கள்; 2009 ஜனவரியில் அரசு கவிழ்ந்தது. அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி ஓர் ஆய்வு ஆணையத்தை நியமித்திருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி, நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர், யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பொருளியலாளர் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். அரசியல் பண்பாட்டையும் அறநெறியையும் ஆராய, மெய்யியல் பேராசிரியர் ஒருவர் தலைமையில் தனிக்குழுவும் அமைந்தது.

நெருக்கடிக்குப் பின் ஓர் அரசு தன் நிறுவனங்களை ஆய்வாளர்களிடம் ஒப்படைப்பது எவ்வளவு பயன் தரும், எங்கே தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

முதல் பலம் ஆவணங்கள். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதும் அறிஞருக்கு வங்கி ரகசியம் எட்டாது. இந்த ஆணையத்துக்குச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அதனால்தான், ஆட்சி உள்ளுக்குள் எப்படி இயங்கியது என்பது வெளியே வந்தது. 2008 செப்டம்பர் இறுதியில் கிளிட்னிர் வங்கியின் 75 விழுக்காட்டுப் பங்கை வாங்க அரசு முடிவெடுத்தது. வங்கித்துறைக்குப் பொறுப்பான அமைச்சரையே அந்தப் பேச்சுகளுக்கு அழைக்கவில்லை. முக்கியமான கூட்டங்கள் பலவற்றுக்குக் குறிப்பேடே இல்லை. ஒன்பது தொகுதிகள் கொண்ட அறிக்கை 2010 ஏப்ரல் 12 அன்று வெளியானது. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் அதை முழுவதுமாக, இரவு பகலாக வாசித்தார்கள்.

பலனும் கிடைத்தது. அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான குறிப்பு எழுதுவதை 2011இன் சட்டம் வலுப்படுத்தியது. முக்கிய விஷயங்களை அமைச்சரவையில் வைக்கத் தவறியதற்காக முன்னாள் பிரதமர் கெயிர் ஹார்டேயை 2012இல் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளி என்றது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை.

ஆனால் முதல் குறையும் இங்கேயே தொடங்குகிறது. ஆய்வோடு நின்றுவிடாமல், அமைச்சர்களும் அதிகாரிகளுமாக ஏழு பேர் கடும் அலட்சியம் காட்டினார்கள் என்று ஆணையம் பெயர் சொல்லித் தீர்த்தது. அதன்பின் விவாதம் முழுக்க அந்தப் பெயர்களைச் சுற்றியது. 2010 செப்டம்பரில் நாடாளுமன்றம் 33க்கு 30 என்ற வாக்கில் ஹார்டே ஒருவர்மீது மட்டும் வழக்குத் தொடுத்தது. முன்மொழியப்பட்ட மற்ற அமைச்சர்கள் தப்பினார்கள். யாரைத் தண்டிப்பது என்ற கேள்வி முன்னுக்கு வந்ததும், நிறுவனங்கள் ஏன் பழுதாயின என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

இரண்டாவது குறை காலம். 2003இல் புனாடர்பங்கி என்ற அரசு வங்கியை வாங்கிய குழுவில் ஒரு ஜெர்மன் வங்கியும் உண்டு என்று நாட்டுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பங்கேற்பு வெறும் பெயரளவுக்கானது என்பதை 2017இல் வேறொரு ஆணையம்தான் நிறுவியது. முதல் அறிக்கையே முடிவான அறிக்கை என்று கோப்பை மூடியிருந்தால் இந்த உண்மை வந்திருக்காது.

மூன்றாவது குறை, ஆய்வுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலுள்ள தூரம். நெருக்கடிக்குப் பின் எழுதப்பட்ட வரைவைப் புதிய அரசியல் சட்டத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்று 2012 அக்டோபர் பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் சொன்னார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. அரசியல் பண்பாடும் பெரிதாக மாறவில்லை: வெளிநாட்டு ரகசிய நிறுவனங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் 2016இல் வெளியானபோது இன்னொரு பிரதமர் பதவி விலக வேண்டியிருந்தது.

இவற்றைக் காட்டி, ஆய்வு வீண் என்பது தவறு. ஆணையம் இல்லாவிட்டால் குறிப்பேடு இல்லாத கூட்டங்கள் இன்றும் வெறும் வதந்தியாகவே இருந்திருக்கும். குறை, ஆய்வை ஒரு நெருக்கடிக்கான சடங்காக நடத்தியதில் இருக்கிறது. ஆவணங்களைத் திறக்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும். குற்றம் சாட்டும் பொறுப்பு வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்திடமும் இருக்க வேண்டும். மக்களின் கோபம் தணிந்த பிறகும் பல்கலைக்கழகங்கள் நாடாளுமன்றத்தையும் அமைச்சரவையையும் தொடர்ந்து ஆராய, ஆட்சியாளர் நினைத்தால் நிறுத்த முடியாத நிதி வேண்டும். பரிந்துரை ஒவ்வொன்றையும் ஏற்றோமா, மறுத்தோமா, ஏன் என்று நாடாளுமன்றம் ஆண்டுதோறும் எழுத்தில் பதில் சொல்லவும் வேண்டும். இந்தக் கடமை சட்டத்தில் இல்லாத நாட்டில், எத்தனை தொகுதிகள் எழுதினாலும் அடுத்த அரசு அவற்றைப் படிக்காமல் கடந்துவிட முடியும்.