கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

மலேசியாவின் கோலா கெத்தில் சுற்றுவட்டாரத் தோட்டக் கோவில்களில் திருவிழா இரவுக்கு இசைக்குழு வந்து இறங்கிவிட்டால், இளவட்டங்கள் நேரே ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள். நெஞ்சு அதிர்ந்தால் நல்ல சவுண்ட், அதிராவிட்டால் சுமார் சவுண்ட். அவர்கள் கணக்கு அவ்வளவுதான். எனக்குப் பிடித்த இடம் திடலின் மறுகோடி. வயதானவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசி வரிசைக்குப் பாடகரின் சொல் சிதையாமல் வந்து சேர்கிறதா என்பதில்தான் ஒரு சவுண்ட் செட்டின் பெறுமதி இருக்கிறது. அதிலும் விலை குறைந்த செட்டின் பெறுமதி. பணத்தைக் கொட்டி வாங்கியது எங்கே நின்று கேட்டாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். கொஞ்சப் பணத்தில் சேர்த்த ஒரு செட் கடைசி வரிசைவரை பாட்டை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால், அதைத் தேர்ந்தெடுத்தவர் காது உள்ளவர்.

தமிழ்ப் பாட்டுக்கு இந்தச் சோதனை கடுமையானது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். சகரத்தின் சீறல் அதற்கும் மேலே. 15 அங்குல ஸ்பீக்கரும் தலையில் ஒரு சின்ன பியெசோ டுவீட்டரும் வைத்த மலிவு பாக்ஸில் இந்த நடுப்பகுதியைக் கவனிக்க ஆளில்லை. பெரிய காகிதக் கோன் 1,500க்கு மேல் ஒலியை அகலமாகப் பரப்பாது. நேர் எதிரே நிற்பவருக்குக் கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. டுவீட்டரோ 3,000, 4,000க்கு மேல்தான் வேலையைத் தொடங்கும். நடுவில் ஒரு பள்ளம். பாட்டின் வரிகள் விழுவது அந்தப் பள்ளத்தில்தான். ஒரே விலையில் 15 அங்குல பாக்ஸும், நல்ல கம்ப்ரஷன் டிரைவர் வைத்த 12 அங்குல பாக்ஸும் இருந்தால், யோசிக்காமல் 12ஐ எடுக்கச் சொல்வேன். பார்வைக்குச் சிறியதாக இருக்கும். பாடுகிறவருக்கு அதுதான் துணை.

இதை நினைக்கும்போதெல்லாம் பழைய குழாய் ஸ்பீக்கரின் மேல் மரியாதை கூடுகிறது. ஜப்பானின் கோபே நகரில் 1934இல் தொடங்கிய டோவா நிறுவனத்தின் குழாய்களை நம் நாட்டில் கோவில், சூராவ், பள்ளிக்கூடம் எங்கும் பார்க்கலாம். பாஸ் அறவே இல்லை, மேல் ஒலியும் குறைவு. ஆனால் பேச்சு தெளிவாக நிற்கும் அந்த நடுப்பகுதி முழுவதும் அதன் கையில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலைத் தாண்டிவிடும். அதோடு 100 வோல்ட் லைன் என்ற ஏற்பாடு வேறு. வோல்டேஜைக் கூட்டி, கரண்டைக் குறைத்து அனுப்புவதால் மெல்லிய வயரிலும் இழப்பு அதிகம் இல்லை. கோவில் அறையில் ஒரு சின்ன ஆம்ப் இருந்தால் போதும், பால்மரக் காட்டைத் தாண்டிக் கடைசி லயம்வரை மாரியம்மன் பாட்டு போய்ச் சேரும். அந்தக் குழாய்களைக் கட்டியவர்கள் டெசிபல் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எந்த மரத்தில், எந்தத் திசை பார்த்துக் கட்டினால் எந்த லயத்துக்குக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒலியறிவுதான்.

வாட் கணக்கில்தான் இன்றைய இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 500 வாட் ஆம்பை விட்டு 1,000 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறார்கள். கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு வித்தியாசம் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பணத்தைப் போட வேண்டிய இடம் வேறு. பாக்ஸின் விவரத் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்பது அது. 92 உள்ள பாக்ஸுக்கு 400 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை 98 உள்ள பாக்ஸ் 100 வாட்டிலேயே தந்துவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும். 98 டெசிபல் பாக்ஸ் 100 வாட்டில் ஒரு மீட்டரில் 118 கொடுத்தால், 32 மீட்டர் தள்ளி இருக்கும் பாட்டிக்குக் கிடைப்பது 88. 108 டெசிபல் குழாய்க்கு வெறும் 30 வாட் கொடுத்துப் பாருங்கள்: அதே பாட்டிக்கு 93. தோட்டத்து ஆட்கள் குழாயை விடாமல் வைத்திருந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

முகப்பில் 2,000, 3,000 என்று அச்சடித்த எண்களைப் பார்ப்பதைவிடப் பின்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஃபியூஸ் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால், நம் 240 வோல்ட்டில் சுவரிலிருந்து அது தொடர்ந்து இழுக்கக்கூடியது 480 வாட்டைச் சுற்றித்தான். டிரம்ஸின் ஒரு அடிக்கு மட்டும் உள்ளே சேமித்த மின்சாரத்திலிருந்து அதற்கு மேல் எடுக்கலாம். அது கண் சிமிட்டும் நேரம். நேர்மையான தயாரிப்பாளர் தொடர்ந்து கொடுக்கும் வாட்டையும் உச்சத்தையும் தனித்தனியாக அச்சிடுவார். வாட்டை ஊதிக்காட்டும் பிஎம்பிஓ என்ற நான்கு எழுத்தைக் கண்டால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

பாஸ் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நம் குழுக்கள் வாசிப்பதில் பெரும்பகுதி இளையராஜா. அவருடைய 1980களின் பாடல்களில் பாஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். மலிவு பாக்ஸின் தரத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. பாஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். விலை குறைந்த பாக்ஸ் எதுவும் அந்த ஆழத்துக்கு உண்மையாக இறங்காது. இறங்க வேண்டியதும் இல்லை. 82, 123 என்று அதன் மடங்குகள் சுத்தமாக வந்தால், இல்லாத 41ஐக் காது தானே நிரப்பிக்கொள்ளும். நல்ல மலிவு பாக்ஸ் தன் எல்லையைத் தெரிந்துகொண்டு, அதற்குள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகக் கொடுக்கும். மோசமான பாக்ஸை 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் உப்பவைத்திருப்பார்கள். கடையில் கேட்கும்போது மிரட்டும். திடலுக்குக் கொண்டுவந்தால் எந்த ஸ்வரத்துக்கும் ஒரே ‘டொம்’. பாஸ்காரர் விரல் நோக வாசித்த மெட்டு ஒரே இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருக்கும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

உறுமிக்கு மைக் வைத்துக் கேட்பது இன்னொரு சோதனை. இந்த வட்டாரத்தில் உறுமி மேளம் இல்லாமல் திருவிழா இல்லை. சுங்கை பட்டாணி தைப்பூசத்துக்குப் போனவர்களுக்கு அந்த ஒலி உடம்பிலேயே இருக்கும். ஒரு பக்கத்தை அடித்து, மறு பக்கத்தை வளைகுச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும், பிறகு இறங்கும். சுமாரான பாக்ஸில் அது படி ஏறுவதுபோல இடையிடையே விட்டுவிட்டுக் கேட்கும்: ஒரு இடத்தில் வீங்கும், ஒரு இடத்தில் காணாமல் போகும். வழுக்கல் முழுவதும் ஒரே கோடாக வந்தால் பாக்ஸை நம்பி வாங்கலாம். சத்தத்தைப் பொறுத்தவரை உறுமிக்கு மைக்கே தேவையில்லை என்பார்கள். மேடையில் கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்துவிட்ட இந்தக் காலத்தில் தேவைப்படுகிறது.

கிட்டார் ஆம்பில் கீபோர்டைச் செருகி வாசிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸோடு பெரும்பாலும் இறங்கிவிடும். கிட்டாருக்கு அது அழகு, கீபோர்டில் வரும் புல்லாங்குழலுக்கும் தபலாவுக்கும் மூச்சுத் திணறல். கீபோர்டை நேரே மிக்சருக்குக் கொடுத்துவிடுங்கள். கிட்டாருக்கு மட்டும் ஆம்ப் வாங்குங்கள், அதிலும் மலிவு என்று வெட்கப்பட வேண்டாம். மேற்கு லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் ஆம்ப் செய்யத் தொடங்கியதே, அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் அங்கே வாங்க முடியாத விலையில் இருந்ததால்தான். ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு, உள்ளூரில் கிடைத்த பாகங்களைப் போட்டார்கள். பாகம் மாறியதில் குரல் மாறியது, அந்தக் குரலை உலகமே தேடி வந்தது. சிக்கனத்துக்காகச் செய்த பொருளுக்கும் சொந்தக் குரல் அமையும். அதைக் கேட்டுப் பிடிக்கத் தெரிய வேண்டும்.

மைக்கில் மட்டும் சமரசம் வேண்டாம் என்பது என் கட்சி. ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல். இன்றும் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது, கீழே விழுந்தாலும் பாடும். அதனாலேயே போலியும் அதிகம். உண்மையான மைக் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும்; கையில் எடுத்ததும் இலேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழக்கமான கடையில் வாங்குவது பாதுகாப்பு. மிக்சரில் நிலைமை மாறிவிட்டது. ஜெர்மனியில் 1989இல் ஊலி பெரிங்கர் தொடங்கிய நிறுவனம் பெரிய அரங்குகளில் மட்டும் பார்த்த வசதிகளைச் சின்னக் குழுக்களின் கைக்குக் கொண்டுவந்தது. 2012இல் வந்த எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சர் அந்த வகையில் ஒரு திருப்பம். கரோக்கேயில் வளர்ந்த நம் ஆட்கள் மிக்சரைத் தொட்டதும் எக்கோவைத் திருப்புவார்கள். பாக்ஸைச் சோதிக்கும்போது எக்கோவை முழுசாக அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். எக்கோ பாடகரின் குறையோடு ஸ்பீக்கரின் குறையையும் மூடிவிடும்.

இரவு எட்டு மணிக்கு நன்றாக இருக்கும் செட் பதினொரு மணிக்கும் அப்படியே இருக்கிறதா என்பது எனக்கு முக்கியம். ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். ஆம்ப் அதே அளவு உழைத்தாலும் சத்தம் உள்வாங்கும். ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், ஆம்ப் கிளிப் ஆகும், சிவப்பு விளக்கு மின்னும், கடைசியில் டுவீட்டர் போகும். தேவைக்கு இரண்டு மடங்கு தாங்கும் பாக்ஸை வாங்கி, அதைப் பாதி உழைப்பில் ஓட்டுவதே மலிவான வழி. நம் ஊர் ஈரம் அடுத்த எதிரி. ஸ்பீக்கர் கோனின் விளிம்பு ஃபோமாக இருந்தால் சில வருஷத்தில் உதிர்ந்துவிடும். மடிப்பு மடிப்பான துணி விளிம்பு நிலைக்கும். பெட்டி மரத்தூள் பலகையா பிளைவுட்டா என்பதை அடிமூலையைத் தடவிப் பார்த்தே சொல்லலாம், மழை பட்ட தூள் பலகை உப்பியிருக்கும். உள்ளே பழைய பாணி டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் கனம் அதிகம். ஆனால் 2எஸ்சி5200 போன்ற டிரான்சிஸ்டர் எளிதில் கிடைக்கும் (அதிலும் போலி உண்டு), பட்டணத்து ரிப்பேர்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். இன்றைய கிளாஸ் டி ஆம்பைத் தூக்குவது சுகம், சூடும் குறைவு. கெட்டால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும். லாரியில் ஏற்றி இறக்கப் பத்துப் பேர் இருக்கும் குழுவுக்கு முன்னதும், காரில் போகும் மூன்று பேருக்குப் பின்னதும் பொருந்தும்.

ஒரு விஷயம் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டில் ‘ஹம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், எர்த்தைக் கழற்றிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று மகிழ்கிறார்கள். ஈரமான புல்லில் செருப்பில்லாமல் நின்று உலோக மைக்கைப் பிடித்துப் பாடும் பெண்ணின் உயிர் அந்த எர்த்தில் இருக்கிறது. மேடையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே இடத்து மின்சாரத்திலிருந்து எடுங்கள், நல்ல பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், தேவைப்பட்டால் ஒரு டிஐ பாக்ஸ் வையுங்கள், இரைச்சல் அடங்கிவிடும்.

பத்து பெக்காகா பக்கமோ கோலா கெத்தில் பட்டணத்திலோ புதிதாகக் குழு தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால், கையில் இருப்பதில் பாதியை இரண்டு நல்ல 12 அங்குல பாக்ஸுக்கும் அவற்றை முன்வரிசைகளின் தலைக்கு மேலாகக் கடைசி வரிசையை நோக்கவைக்கும் உயரமான ஸ்டாண்டுக்கும் போடச் சொல்வேன். அடுத்த பங்கு மைக்குக்கும் கேபிளுக்கும். அதற்கப்புறம் மிக்சர், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு குமிழியையும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். சப்வூஃபர் அடுத்த திருவிழாவுக்கு வரட்டும்.