காத்திருக்கும் வாசகர்: முடிவுறாத் தொடர்நாவல் குறித்த ஒரு நோக்கு

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தலைவன் குறித்துச் சென்ற கார்ப்பருவம் வரும்வரை ஆற்றியிருப்பது முன்னையது. ஆற்றாது வருந்துவது பின்னையது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதோர் நிலையையும் அகப்பாடல்கள் காட்டுகின்றன. மழை வந்துவிட்டது, தலைவன் வரவில்லை. அவ்வேளையில், இது கார்காலமன்று, காலந் தவறிப் பெய்த மழையே என்று கூறித் தோழி தலைவியைத் தேற்றுவாள். தான் கூறுவது உண்மையன்று என்பது தோழிக்கும் தெரியும்.

தொடராக வெளிவரும் நாவலொன்றின் அடுத்த நூலுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் வாசகரின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு இம்மரபு பெரிதும் துணைபுரியும். அத்தகைய வாசகரை வெறும் பொழுதுபோக்கு இலக்கியப் பித்தர் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், காத்திருத்தல் அவர்களது வாசிப்பை எவ்வாறு மாற்றுகின்றது என்பது திறனாய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டிய வினாவாகும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மாட்டினின் 'எ சோங் ஒவ் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் நாவல் வரிசை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மூன்று நூல்களாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசை பின்னர் ஏழு நூல்களாக விரிந்தது. முதல் மூன்று நூல்களும் 1996, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நான்காவது நூல் 2005 இலேயே வந்தது. அதுவும் கதைமாந்தருள் ஒரு பாதியினரை மட்டுமே கொண்டிருந்தது. டிரியன், டெனேரிஸ், ஜோன் ஸ்னோ ஆகிய முதன்மைப் பாத்திரங்களின் கதை அடுத்த நூலிற் கூறப்படும் என்றும், அந்நூல் மறு ஆண்டில் வெளிவரும் எனத் தாம் நம்புவதாகவும் ஆசிரியர் நூலிறுதியிற் குறிப்பிட்டிருந்தார். அது வெளிவந்தது 2011 இல். எனவே, 2000 ஆம் ஆண்டில் டிரியனைப் பிரிந்த வாசகர் அவனை மீண்டும் முழுமையாகக் காணப் பதினோராண்டு காத்திருந்தனர். ஐந்தாம் நூலோ ஜோன் ஸ்னோ தன் தோழராலேயே குத்தப்பட்டு வீழ்வதோடு அவன் கதையை நிறுத்தியது. அதன் பின்னர் ஆறாம் நூலுக்கான காத்திருப்புப் பத்தாண்டுகளையும் கடந்து நீண்டது.

இத்தாமதத்தை ஆசிரியரின் சோம்பலெனக் கருதுவோர் பலர். நாவல்களின் அமைப்பை நோக்குவோர்க்கு வேறொரு காரணம் புலப்படும். ஒவ்வோர் அதிகாரமும் ஒரு பாத்திரத்தின் பார்வைக்குள் நின்று கூறப்படுகின்றது. பாத்திரங்கள் பெருகப் பெருகக் கதையின் கிளைகளும் பெருகுகின்றன. மூன்றாம் நூலின் பின் கதையில் ஐந்தாண்டு இடைவெளியொன்றை விட மாட்டின் எண்ணியிருந்தார். அது பொருந்தாதெனக் கண்டு கைவிட்டதும், தாவிச் செல்ல நினைத்த காலம் முழுவதையும் எழுதவேண்டியதாயிற்று. எழுத்தாளருட் கட்டடக் கலைஞரும் தோட்டக்காரரும் உளர் என்பதும், தாம் தோட்டக்காரர் வகையினர் என்பதும் அவர் பலமுறை கூறிய கருத்து. வாசகர் விரும்பிய விரிவும் வாசகரை வருத்திய தாமதமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்க.

இந்த இடைவெளியில் வாசகர் செய்தவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஒரே காலத்து நிகழ்ச்சிகளைப் பகிர்ந்து கூறும் நான்காம், ஐந்தாம் நூல்களின் அதிகாரங்களைக் கால ஒழுங்கிற் கோத்து, இரண்டையும் ஒரு நூலாக வாசிக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். இது பதிப்பாசிரியர் பணியை ஒத்தது. முதல் நூலிற் சிதறிக்கிடந்த கனவையும், இறக்கும் தங்கைக்கு எடார்ட் ஸ்ராக் அளித்த வாக்கையும் இணைத்து, ஜோன் ஸ்னோ அவனுடைய மகனல்லன், தங்கையின் மகனே என ஊகித்தனர். வாசகராக இருந்து இணையத்தளம் நடத்திய இருவர், 2014 இல் அப்புனைவுலகின் வரலாற்று நூலுக்கு மாட்டினுடன் இணையாசிரியராயினர். விரைந்து வாசித்து வீசப்படும் சந்தை இலக்கியம் எனக் கருதப்படுவதொன்று, சொல்லுக்குச் சொல் மீள வாசிக்கப்பட்டமைக்குக் காத்திருப்பே காரணமாகும்.

எனினும் இதற்கொரு மறுபக்கம் உண்டு. வெற்றிடத்தைச் சந்தை நெடுநாள் வெறிதே விடுவதில்லை. 2011 இல் ஆரம்பித்த தொலைக்காட்சித் தொடர் நாவல்களை முந்திச் சென்று 2019 இல் தன் முடிவைத் தானே கூறியது. ஜோனின் பிறப்புப் பற்றிய ஊகம் சரியென்பதை 2016 இல் அத்தொடரே காட்டியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், குறித்த காலத்தில் ஆறாம் நூலை முடிக்க இயலவில்லை என மாட்டின் அறிவித்தார். ஒவ்வொரு கெடு கடந்தபோதும் வாசகர் ஒருவர்க்கொருவர் தோழியாகி, இது பருவமன்று எனத் தேற்றிக்கொண்டனர். தேற்றம் பயன்படாதவிடத்து இருத்தல் இரங்கலாயிற்று, சிலரிடம் வசையுமாயிற்று.

பிறிதொரு கையால் முடிவு கிடைப்பதும் உண்டு. 1990 இல் 'த வீல் ஒவ் ரைம்' வரிசையை ஆரம்பித்த றொபேட் ஜோர்டன் 2007 இற் காலமானார். அவருடைய துணைவியாரும் பதிப்பாசிரியருமான ஹரியற் மக்டூகல், அவ்வரிசையை இளமை முதலே வாசித்துவந்த பிரண்டன் சான்டர்சனிடம் பணியை ஒப்படைத்தார். ஜோர்டனின் குறிப்புக்களையும் எழுதிவைத்த பகுதிகளையும் கொண்டு 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்கள் வெளிவந்து கதை நிறைவெய்தியது. ஜோர்டனின் நடையைத் தாம் போலச்செய்ய முயலவில்லை என்பதைச் சான்டர்சன் மறைக்கவில்லை. வாசகர் முடிவைப் பெற்றனர், குரலை இழந்தனர்.

முடிவே கிடைக்காத நிலைக்குச் சாள்ஸ் டிக்கன்ஸின் இறுதி நாவல் சான்று. பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட 'த மிஸ்ரறி ஒவ் எட்வின் ட்றூட்', 1870 இல் அவர் இறந்தமையால் ஆறு பகுதிகளோடு நின்றது. 1914 இல் டிக்கன்ஸ் அன்பர்கள் லண்டனில் ஒரு போலி நீதிமன்றம் அமைத்து, ட்றூட்டின் மாமன் ஜாஸ்பரைக் கொலைக் குற்றத்திற்காக விசாரித்தனர். நீதிபதி ஜி. கே. செஸ்ரர்ரன், யூரர் தலைவர் பேர்னாட் ஷோ. விசாரணை வேடிக்கையாகவே முடிந்தது. ஆயின் அது உணர்த்தும் உண்மை வேடிக்கையன்று. தேவாலயத்திற் பாடிக்கொண்டே அபினுக்கு அடிமையாகி இரண்டாகப் பிளவுண்ட ஒரு மனிதனை டிக்கன்ஸ் படைத்திருக்க, கவனமோ ட்றூட் இறந்தானா இல்லையா என்ற வினாவிற் குவிந்தது. நாவல் விடுகதையாகச் சுருங்கியது.

மாட்டினின் வாசகருக்கும் இவ்வாபத்து உண்டு. ஜோனின் தாய் யார் என்ற விடையைக் கண்டவுடன் அப்பகுதி தீர்ந்துவிட்டதாகப் பலர் கருதினர். ஆனால் அவ்வூகத்தை ஏற்றுக்கொண்டால் எடார்ட் ஸ்ராக்கின் மௌனமே அங்கு முதன்மை பெறுகிறது. மானமே உயிரெனக் கொண்ட ஒருவன், குழந்தையொன்றைக் காக்கும்பொருட்டு இல்லாத களங்கத்தைத் தன்மேல் ஏற்று, மனைவியிடமும் உண்மையைக் கூறாது மாண்டுபோகிறான். அப்பாரத்தை உணர ஏழாம் நூல் தேவையில்லை; முதல் நூலே போதும்.

இதனால் ஆசிரியருக்குக் கடப்பாடே இல்லை என்பது பெறப்படாது. பல கிளைகள் ஒன்றுகூடும் என நம்பவைத்து எழுதப்பட்ட கதை, அவை கூடாதவரை குறையுடையதே. அக்கடன் நூல் விலையினால் வந்ததன்று. கதை தானே அளித்த வாக்கினால் வந்தது. அது நிறைவேறாவிடின் இழப்பு உண்மையானது. அவ்விழப்பைக் கூறுவது வாசகரின் உரிமை. ஆனால் வாராத நூலின் பொருட்டு வந்த நூல்களை வெறும் முன்னுரையாக்கிக் கொள்வது அதனிலும் பெரிய இழப்பாகும். காத்திருப்பு வாசகருக்கு நுணுகிய பார்வையைத் தந்திருக்கிறது. அப்பார்வை அடுத்து என்ன நிகழும் என்பதிலிருந்து, நிகழ்ந்தது யாது என்பதன்மேல் திரும்புமாயின், இருத்தல் பயனுடையதாகும்.