கற்பனையை நிறுக்கும் தராசு

இலக்கியத்தை அளப்பதற்குக் கோல் உண்டா என்பது பழைய வினா. சுவை, நயம், உணர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு அளப்பதே நம் மரபு. ஆயின், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள அறிவியல் புனைகதை என்னும் துறைக்கு இவை மட்டும் போதா. அங்கே இன்னொரு கருவியும் வேண்டும், அது தராசு. கதையில் வரும் பீரங்கிக் குண்டையும் விண்கலத்தையும் செயற்கை உலகத்தையும் மெய்யான இயற்பியலைக் கொண்டு நிறுத்துப் பார்ப்பதும் ஒரு வகைத் திறனாய்வே என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

இல்லாத பொருளுக்கு எடை ஏது என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். அந்நகைப்புக்கு விடை நம் மொழியிலேயே இருக்கிறது. கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல், பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளின் எண்ணிக்கையை அறிய வழி கூறுகிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவ்வழி. எல்லாப் பழத்துக்கும் அது பொருந்துமா என்பது வேறு செய்தி. வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே மறைந்திருப்பதை மதிப்பிடலாம் என்னும் துணிவே ஈண்டு கருதத்தக்கது. ஒரு பாலம் கட்டப்படுமுன் அலுவலகத்தில் மதிப்பீட்டுத் தாள் தயாராவதும் இதே துணிவினால்தான். பாலம் இன்னும் இல்லை; அதற்கு வேண்டிய இரும்பின் எடை மட்டும் தாளில் இருக்கிறது.

ஒரு சொல் விளக்கம் தேவை. ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அதனைப் புவி இழுக்கும் விசை எடை. நிலவுக்குச் சென்றால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. விண்ணில் நிகழும் கதைகளை ஆராய்கையில் நாம் தேடுவது நிறையையே.

முதலில் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன். 1865இல் வெளியான அவரது நிலவுப் பயணக் கதையில், அமெரிக்கப் பீரங்கி வல்லுநர் குழுவொன்று நிலவை நோக்கிக் குண்டு எறியத் திட்டமிடுகிறது. குழுவினர் அமர்ந்து கணக்கிடுவதையே வெர்ன் சுவையான காட்சியாக்குகிறார். உள்ளீடற்ற அலுமினிய உருண்டை. குறுக்களவு 108 அங்குலம். சுவரின் தடிப்பு 12 அங்குலம். எடை 19,250 பவுண்டு என்பது அவர்கள் முடிவு. நாமும் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்ப்போம். வெளியுருண்டையின் கன அளவிலிருந்து உள்ளுருண்டையினதைக் கழித்தால் சுமார் 202 கன அடி எஞ்சும். ஒரு கன அடி அலுமினியம் ஏறத்தாழ 168 பவுண்டு. ஆகவே குண்டின் எடை 34,000 பவுண்டுக்குச் சற்றே கூடுதல். கதை கூறுவதோ அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக்கும் குறைவு!

இக்குண்டு பின்னர் மூவர் ஏறிச் செல்லும் கலமாக வடிவம் மாறுகிறது. பீரங்கியின் நீளம் 900 அடி. குண்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு 12,000 கஜம், அதாவது சுமார் 11 கிலோமீட்டர். அக்குறுகிய தொலைவுக்குள் அவ்வேகத்தை எட்டுவதற்கு வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 22,000 மடங்குக்கு மேல். 60 கிலோ எடையுள்ள பயணி அக்கணத்தில் 1,300 டன்னுக்கு மேல் கனப்பார். வெர்ன் அதிர்ச்சியைத் தாங்கத் தண்ணீர் மெத்தை அமைத்திருக்கிறார், அது எம்மட்டு?

இவ்வளவு குறை கண்டபின் வெர்ன் வீழ்ந்தாரா எனின், இல்லை என்பதே நம் தீர்ப்பு. அளவுகளை மறைக்காமல் வாசகன் கையில் கொடுத்த காரணத்தால்தான் அவரது பிழையை நம்மால் காண முடிகிறது. பள்ளி மாணவனும் சரிபார்க்கத்தக்க கணக்கை எழுதுவது வாசகனை மதிப்பதாகும்.

அடுத்து ஆர்தர் சி. கிளார்க். ஆங்கிலேயராகப் பிறந்து இலங்கையில் வாழ்ந்த இவர், 1973இல் வெளியிட்ட புதினத்தில் கதிரவ மண்டலத்துக்குள் நுழையும் அயலுலகக் கலம் ஒன்றைப் படைத்தார். கிரேக்க, உரோமானியக் கடவுளரின் பெயர்கள் தீர்ந்துவிட்டமையால் வானியலார் அதற்கு 'ராமா' என்று பெயரிட்டதாகக் கதை. அது ஓர் உருளை. நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வெளிக் குறுக்களவு 20 கிலோமீட்டர். உள்ளே 16 கிலோமீட்டர் அகன்ற வெற்றிடம். நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது.

இவற்றிலிருந்து நிறையை வருவிப்போம். இரண்டு கிலோமீட்டர் தடித்த சுவரின் கன அளவு, இரு முனைகளையும் விட்டுவிட்டால், ஏறத்தாழ 5,650 கன கிலோமீட்டர். சுவர் பாறையாயின் நிறை சுமார் 17 லட்சம் கோடி டன். எஃகாயின் சுமார் 44 லட்சம் கோடி டன். இவ்விரண்டுள் எது? இங்கேதான் இயற்பியல் துப்பறிவாளனாகிறது. சுழலும் உருளையின் வெளிவிளிம்பு வினாடிக்கு சுமார் 260 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ள முனையும் இழுவிசையைச் சாதாரணப் பாறை தாங்காது, சிதறிவிடும். உயர்தர எஃகோ தாங்கும். ஆகவே ராமாவின் சுவர் எஃகையொத்த வலிய பொருளாதல் வேண்டும். இதை ஆசிரியர் சொல்லவில்லை. அவர் தந்த எண்கள் சொல்கின்றன.

இன்னொன்றும் காண்க. இத்துணைப் பெரிய கலத்தின் சொந்த ஈர்ப்பு மிகச் சிறிது. அதன் முனையின் நடுவில் நிற்கும் 60 கிலோ மனிதர், எஃகுக் கணக்கின்படியும், முப்பது கிராம் அளவுக்கே கனப்பார். உள்ளே தரையில் நிற்பவருக்கோ, சுழற்சியின் காரணமாகப் புவியிலுள்ள எடையில் பாதிக்குச் சற்றே மேல் கிட்டும். மையத்தில் மிதந்து நுழையும் மாந்தர் கீழே இறங்க இறங்கக் கனம் கூடுவதைக் கிளார்க் பொறுமையாக வருணிப்பது வெற்று அலங்காரம் அன்று. அச்சமும் வியப்பும் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. கணக்கும் சுவையும் ஒன்றாகிவிட்ட இடம் இது.

மூன்றாவதாக அமெரிக்கரான லாரி நிவென். 1970இல் வெளிவந்த அவரது 'ரிங்வேர்ல்ட்' என்னும் புதினத்தில் ஒரு விண்மீனை வளையமாகச் சூழ்ந்த உலகம் வருகிறது. வளையத்தின் ஆரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அகலம் 16 லட்சம் கிலோமீட்டர். உட்பரப்பில் முப்பது லட்சம் பூமிகளை விரிக்கலாம். அதன் நிறை வியாழன் கோளின் நிறையை ஒத்தது. இரண்டுக்குப் பின் இருபத்தேழு சுழியம் இட்ட கிலோகிராம். அதைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1,300 டன் வரும். எஃகாக நினைத்தால் 170 மீட்டர் தடிப்பு. கோள்களையே கரைத்து வார்த்தால்தான் இத்துணைப் பொருள் கிடைக்கும். தரையில் புவியின் ஈர்ப்பு உண்டாக வளையம் வினாடிக்கு 1,240 கிலோமீட்டர் வேகத்தில் சுழல வேண்டும். அதைத் தாங்க நாம் அறிந்த எஃகைப் போல் பல லட்சம் மடங்கு வலிமை தேவை. சுவரைத் தடிப்பாக்கினாலும் பயனில்லை. தடிப்போடு சுமையும் சேர்ந்தே வளரும். இதை உணர்ந்தே நிவென் தம் வளையத்துக்குப் புதியதொரு பொருளைக் கற்பித்துப் பெயரும் இட்டார்.

ஆயினும் ஒன்றை அவர் கருதவில்லை. கதிரவனைச் சூழ்ந்த திண்ணிய வளையம் சற்றே நகர்ந்தாலும் அந்நகர்வு வளர்ந்துகொண்டே போய், இறுதியில் கதிரவன் மேலேயே மோதும். சனியின் வளையங்கள் சீரான திண்பொருளாக இருக்க இயலாது என்பதை மேக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் 1859இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டியிருந்தார். 1971இல் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் வளையம் நிலையற்றது என்று தாழ்வாரத்தில் முழக்கமிட்டனராம். நிவென் சினம் கொள்ளவில்லை. வளையத்தை நிலைநிறுத்தும் உந்து பொறிகளையும், அவை பழுதுற்றால் நேரும் பேரிடரையும் வைத்து அடுத்த புதினத்தை எழுதினார். வாசகரின் கணக்கு ஆசிரியருக்குப் புதிய கதையைத் தந்தது. திறனாய்வின் பயன் இதைவிட வேறென்ன வேண்டும்?

எல்லாக் கதைகளையும் இவ்வாறு நிறுக்கலாமா? கூடாது. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய நிலவுக் கதையில் ஈர்ப்பையே மறைக்கும் பொருளொன்றைக் கொண்டு மனிதரை அனுப்பினார். அதனை வெர்ன் ஏற்கவில்லை. ஆனால் வெல்ஸ் எண்களை நம்பும்படி நம்மைக் கேட்கவே இல்லை; அவர் நோக்கம் மனித சமுதாயத்தை ஆராய்வது. புட்பக விமானத்துக்கு நிறை கேட்பது எத்துணைப் பேதைமையோ அத்துணைப் பேதைமையே அவர் கோளத்துக்கு நிறை கேட்பதும். தானே தராசில் ஏறி நிற்கும் கதையை மட்டுமே நிறுக்க வேண்டும். எண்ணைக் கூறிய ஆசிரியர் வாக்குக் கொடுத்தவர் ஆகிறார். வாக்குக் காக்கப்பட்டதா என்று பார்க்கும் உரிமை வாசகனுக்கு உண்டு.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மிடையே இச்செய்திக்குத் தனி இடம் உண்டு. நம் பிள்ளைகள் இயற்பியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழோ வீட்டுப் பேச்சுக்கும் விழா மேடைக்கும் உரியதாய்ச் சுருங்கி வருகிறது. அறிவுக்கு ஒரு மொழி, அன்புக்கு ஒரு மொழி என்று பிரித்துவிட்டால், நாளடைவில் இரண்டாவது மொழி இளைத்துப் போகும். பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே தமிழில் அறிவியல் புனைகதை படைத்த சுஜாதா, இவ்விரண்டும் ஒரே இல்லத்தில் வாழலாம் என்று காட்டிச் சென்றார். இனி எழுதுவோர் தம் கலங்களுக்கு நீள அகலங்களைத் துணிந்து தருக. வாசிப்போர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து, அவற்றைத் தமிழிலேயே பெருக்கி, வகுத்து, நிறுத்துப் பார்க்க. விடையில் பிழை கண்டால் அதைத் தமிழிலேயே ஆசிரியருக்கு எழுதுக. அத்தகைய கடிதங்கள் வரத் தொடங்கும் நாளில் தமிழ் அறிவியல் புனைகதை முதிர்ச்சி பெற்றுவிட்டது என்று கொள்வோம்.