விலைவீழ்ச்சியும் நம் சிறுகதைகளும்

இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி என்பர். கண்ணாடி முகவாட்டத்தைக் காட்டும். வாட்டத்தின் காரணத்தைக் காட்டாது. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும் ஏழைக் குடும்பத்தின் துயரை உருக்கமாகவே காட்டியுள்ளன. ஆயினும், அத்துயரின் வேரைத் தேடும்போது பலவும் கள்ளுக்கடையிலும் கங்காணியின் கொடுமையிலும் தலைவிதியிலும் நின்றுவிடுகின்றன. இவை பொய்யல்ல, முழு உண்மையுமல்ல.

1930ஆம் ஆண்டுகளின் உலகப் பொருளாதார வீழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். 1929இல் இராத்தலுக்கு ஏறத்தாழ 34 காசு விற்ற ரப்பர், 1932இல் ஏறத்தாழ 7 காசுக்கு இறங்கியது. முக்கியத் தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 காசாக இருந்த நாட்கூலி, 1930இல் 40, 32 ஆகக் குறைக்கப்பட்டது. கணவனும் மனைவியும் பால்வெட்டிச் சேர்த்த 90 காசு 72 ஆயிற்று. வேலையே இழந்தோர் கப்பலேற்றப்பட்டனர். 1930 முதல் 1932 வரை தமிழகம் முதலிய இடங்களுக்குத் திரும்பிய இந்தியர் 150,000க்கு மேற்பட்டோர்.

அந்த 18 காசுக்குள் எத்தனை கதைகள் அடங்கியுள்ளன! குறைந்த கூலியை ஏற்று இருப்பதா, கப்பலேறுவதா என்று ஒரு குடும்பம் முடிவு செய்த இரவு ஒன்று போதாதா? சயாம் மரண ரயிலின் கொடுமைக்குச் சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவல்கள் சான்றாக நிற்கின்றன. அகிலனின் 'பால்மரக்காட்டினிலே' தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தமிழுலகின் பார்வைக்குக் கொண்டு வந்தது. துப்பாக்கியின் கொடுமை பெற்ற இடத்தை விலைப்பட்டியலின் கொடுமை நம் எழுத்தில் இன்னும் பெறவில்லை என்பதே என் கருத்து. அடித்தவனை அடையாளம் காட்டலாம். கூலியைக் குறைத்த சந்தைக்கு முகம் இல்லை. எழுத்தாளனுக்குள்ள இடர்ப்பாடு இதுவேயாகும்.

இது பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. ஜொகூர் மாநிலத்துக் கூலாயையே எடுத்துக்கொள்வோம். ரப்பரும் செம்பனையும் வளர்ந்த அவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் பெருகியுள்ளன. தோட்டம் மாறினும், தொலைவில் எடுக்கப்படும் முடிவு அடுப்படியை வந்து தாக்கும் முறை மாறவில்லை. 1997ஆம் ஆண்டு நெருக்கடியில் வெள்ளியின் மதிப்புச் சரிந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசு தன் செலவினத்தை 18 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. 1998இல் நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, நாள்தோறும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்தவர்கள், அக்கரையில் தங்கிக் குடும்பத்தைப் பிரிவதா, இக்கரையில் இருந்து ஊதியத்தை இழப்பதா என்னும் நிலைக்கு ஆளாயினர். 1930இல் கேட்கப்பட்ட அதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2021இல் உணவற்ற வீடுகளின் முன் வெள்ளைக்கொடிகள் பறந்தன.

பொருளியல் புகுந்தால் கதை கட்டுரையாகிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். புள்ளிவிவரத்தை அள்ளிக் கொட்டினால் அவ்வாறே ஆகும். ஆனால், கடைக்காரரின் கடன் புத்தகத்தில் நீளும் வரியும், நிறுத்தப்பட்ட டியூஷனும், அடகுக் கடைக்குச் சென்ற தாலிக்கொடியும் புள்ளிவிவரங்கள் அல்ல, பாத்திரங்களின் வாழ்க்கை. குடிகாரத் தந்தையை மட்டும் காட்டும் கதை நம்மை அவன்மீது சினங்கொள்ளச் செய்கின்றது. அவனுடைய சம்பளச் சீட்டையும் காட்டும் கதை நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. காரணத்தை மறைத்துவிட்டுக் கண்ணீரை மட்டும் தருவது, ஏழையின் வறுமைக்கு ஏழையையே குற்றவாளியாக்குவதில் முடியும்.

தமிழாசிரியர்கள் ஒன்று செய்யலாம். சிறுகதைப் பாடத்தின்போது, "இக்குடும்பத்தின் மாத வரவு என்ன? அது ஏன் குறைந்தது?" என்னும் இரு வினாக்களை மாணவரிடம் எழுப்பலாம். வீட்டுப் பெரியவர்களின் பழைய சம்பளக் கணக்கை மாணவர்கள் கேட்டு எழுதி வரலாம். எழுதப்படாத நாவல்களின் முதல் பக்கங்கள் அக்கணக்குகளிலேயே உள்ளன.